வீராணம் ஏரிக்கரையில ஒரு ராத்திரி: 2,300 ரூபாய் ட்ரிப், 1,10,000 ரூபாய் ரகசியம்

வீராணம் ஏரி ட்ரிப் வீடியோவை நம்ம சேனல்ல பார்த்திருப்பீங்க. டென்ட், ஏரி மீன் வறுவல், காலைப் பனி எல்லாம் அதுல இருக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு டென்ட்டுக்கு வெளிய நடந்த ஒரு பேச்சு மட்டும் அதுல இல்ல. கேமராவை அப்பவே ஆஃப் பண்ணிட்டேன். மூணு மாசம் கழிச்சு என் நண்பனே "எழுதுடா, பேர் மட்டும் போடாத"ன்னு சொன்னான். அதனாலதான் இந்தக் கட்டுரை.

நாங்க மூணு பேரு. நான், என் தம்பி, காலேஜ்ல இருந்தே கூட இருக்குற அந்த நண்பன். ஊரு மேல்மலையனூர் பக்கம், வேலை சென்னையில. ஊருக்கு வந்தா செஞ்சிக் கோட்டை ஏறுறது, இல்லன்னா வீட்லயே தூங்குறது, ரெண்டுல ஒண்ணு. 2025 ஜூலையில செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியல்ல வந்ததுக்கு அப்புறம் எங்களுக்குப் பெருமைதான். ஆனா சின்ன வயசுல இருந்து ராஜகிரியை ஏறி ஏறி முட்டி தேஞ்சு போனவங்களுக்கு ஒரு மாற்றம் வேணும்ல? பெரிய ஏரி ஒண்ணு பார்க்கணும், கரையோரமா வண்டி ஓட்டணும், ஒரு ராத்திரி டென்ட்ல தூங்கணும். இதுதான் ஆசை.

பக்கத்துலயே இருக்குறது கழுவேலி. திண்டிவனம் தாண்டி மரக்காணம் போனா போதும், நம்ம விழுப்புரம் மாவட்டம்தான். தென்னிந்தியாவுல பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரின்னு சொல்லுவாங்க. ஆனா 2021-ல அதைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சுட்டாங்க, 5,151 ஹெக்டேர். சரணாலயத்துக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம டென்ட் போடுறதெல்லாம் வன உயிரினச் சட்டப்படி தப்பு. "யாரும் பார்க்க மாட்டாங்க மச்சி"ன்னு சொல்ற ஃப்ரெண்டு எல்லா குரூப்லயும் ஒருத்தன் இருப்பான். அபராதம் வந்தா அவன் பங்கு போட மாட்டான்.

அதனால வீராணம். காட்டுமன்னார்கோயில் பக்கத்துல என் சித்தியோட அண்ணன், எங்களுக்கு மாமா, விவசாயம் பண்றாரு. ஏரிக்கரை அரசாங்கக் கரை, அது மேல டென்ட் அடிக்கக் கூடாது. ஆனா மாமாவோட களத்துல அடிச்சா யாரும் கேட்கப் போறதில்ல. இடத்துக்கு வாடகையும் இல்ல.

காசு எங்க இருந்து வந்துச்சு?

ஜூலை மாசமே ஒரு தனி சேவிங்ஸ் அக்கவுண்ட்ல ஆளுக்கு 500 ரூபாய் போட ஆரம்பிச்சோம். சம்பளம் வந்த மறுநாள் ஆட்டோ டிரான்ஸ்ஃபர். டிசம்பர் வரைக்கும் ஆறு மாசம், மூணு பேரு, 9,000 வந்திருக்கணும். வந்தது 8,000. நண்பன் கடைசி ரெண்டு மாசம் போடல. "அடுத்த மாசம் சேர்த்துப் போட்டுடறேன் மச்சி"ன்னான். சரின்னு விட்டுட்டேன். பட்ஜெட்டைப் பத்தி வாரம் ஒரு வீடியோ போடுறவன் நான். என் கண்ணு முன்னாடி இருந்த இந்த ரெண்டு மாச ஓட்டையை நான் கவனிக்கவே இல்ல.

ஆறு மாசத்துல செலவு பண்ணப் போற காசை ஏன் எஸ்ஐபி-ல போடலன்னு சிலர் கேப்பீங்க. ஈக்விட்டி ஃபண்ட் ஆறு மாசத்துல 10% இறங்கினா, நம்ம ட்ரிப் காட்டுமன்னார்கோயில் வரைக்கும் போகாது, திண்டிவனத்தோட நின்னுடும். குறுகிய காலத்துக்கு சேவிங்ஸ், ஆர்டி, இல்லன்னா லிக்விட் ஃபண்ட் போதும். இதுல நீங்க தேடுறது லாபம் இல்ல. போற அன்னைக்குக் காசு கையில இருக்கணும், அவ்ளோதான்.

கிளம்பினோம்

தை அமாவாசை முடிஞ்ச அடுத்த வாரம், சனிக்கிழமை விடிகாலை நாலரை மணி. அமாவாசை அன்னைக்கு மட்டும் மேல்மலையனூர்ல இருந்து கார் எடுத்துக்கிட்டு வெளிய போகலாம்னு கனவு காணாதீங்க. அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு வர்ற கூட்டத்துல நம்ம தெருவை விட்டே வெளிய வர முடியாது.

வண்டி என்னோட செகண்ட் ஹேண்ட் கார். இங்க ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். இந்த ட்ரிப்புக்கு முதல்ல யோசிச்சது, தெரிஞ்சவர் ஒருத்தரோட பெரிய வண்டியை ரெண்டு நாளைக்கு 4,000 ரூபாய்க்கு எடுக்கலாம்னு. வெள்ளை போர்டு வண்டி. சொந்த உபயோகத்துக்குப் பதிவு பண்ண வண்டியை வாடகைக்கு ஓட்டி ஆக்சிடென்ட் ஆச்சுன்னா, இன்சூரன்ஸ் கம்பெனி க்ளெய்மைத் தர மறுக்க அதுவே காரணமாயிடும். செல்ஃப் டிரைவ்னு முறையா வாடகைக்கு விடுற வண்டிக்கு கருப்பு பலகையில மஞ்சள் எழுத்து இருக்கும். எடுத்தா அதை எடுங்க. காசு வாங்காம நண்பர் சும்மா குடுத்த வண்டின்னா இன்னொண்ணு பாருங்க: பாலிசியில இருக்குற 15 லட்சம் பர்சனல் ஆக்சிடென்ட் கவர் ஓனர் ஓட்டும்போது ஓனருக்குத்தான். கடன் வாங்கி ஓட்டுற உங்களுக்கு அது கிடையாது. தண்ணி இருக்குற பக்கம் போறீங்கன்னா இன்ஜின் புரொடெக்ட் இருக்கான்னும் பாருங்க. ஜீரோ டெப் எடுத்திருக்கோம்னு தைரியமா தேங்கின தண்ணியில வண்டியை விட்டு, இன்ஜின் போய் நின்னவங்க இருக்காங்க. அந்தச் செலவு ஜீரோ டெப்ல வராது.

செஞ்சி, விக்கிரவாண்டி, பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு. விக்கிரவாண்டியில இருந்து கும்பகோணம் போற ரோடுதான் முழுக்க. ஃபாஸ்டேக் வருஷ பாஸ் எடுக்கலாமான்னு தம்பி கேட்டான். 2025 ஆகஸ்ட் 15-ல அது வந்தப்ப 3,000 ரூபாய்க்கு 200 டிரிப். வாரா வாரம் ஊருக்கு கார்ல வர்றவங்களுக்கு அது லாபம். எங்களை மாதிரி பஸ்ல வந்து வருஷத்துக்கு நாலு தடவை காரை எடுக்குறவங்களுக்கு எதுக்கு?

சேத்தியாத்தோப்புல டீ. நண்பன்தான் முதல்ல போனை நீட்டி ஸ்கேன் பண்ணான். வழியில பண்ருட்டியில டிபனுக்கும் அவன்தான் ஸ்கேன் பண்ணான். "பொதுக் காசு இருக்குடா, அதுல எடுத்துக்கலாம்"னு சொன்னா, "இருக்கட்டும் மச்சி, பாயிண்ட்ஸ் வரும்"னான். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-ல இணைச்சு வச்சிருக்கான். 36 ரூபாய் டீக்கும் கிரெடிட் கார்டு. அப்பவும் எனக்கு உறைக்கல.

ஏரி

சேத்தியாத்தோப்பு தாண்டி பூதங்குடி வந்ததும் வலது பக்கம் தண்ணி திறந்துக்குது. இடது பக்கம் கீழ வயல், நடுவுல கரை மேல ரோடு. லால்பேட்டை வரைக்கும் இப்படியே. தை மாசம் ஏரி நிறைஞ்சு இருந்துச்சு. ஜன்னலை இறக்கிட்டு 30-ல ஓட்டினோம். பின்னாடி வந்த பஸ்காரர் ஹாரன் அடிச்சே எங்களை ஓரம் கட்டினாரு.

பத்தாம் நூற்றாண்டுல, முதலாம் பராந்தக சோழன் காலத்துல வெட்டின ஏரி. அவனோட வீரநாராயணன்ங்குற பட்டப்பேர்தான் ஏரிக்கும். 'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்குத் தெரியும், வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்னைக்குக் குதிரையில வர்ற கரை இதுதான். கொள்ளிடத்துல கீழணையில தேக்குற தண்ணி வடவாறு வழியா இங்க வருது. முழுக் கொள்ளளவு 1.465 டிஎம்சி, மட்டம் 47.5 அடி. சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இதை நம்பி இருக்கு. 2004-ல இருந்து சென்னைக்கும் இங்க இருந்து குழாய்ல குடிதண்ணி போகுது. நீங்க சென்னையில வேலை பார்க்குறீங்கன்னா, ஆபீஸ்ல குடிச்ச தண்ணியில கொஞ்சம் வீராணம் இருந்திருக்கலாம். இந்தத் திட்டத்தை 1960-கள் கடைசியிலயே ஆரம்பிச்சு, பாதியில நிறுத்தி, ராட்சதக் குழாய்ங்க ரோட்டோரமா வருஷக்கணக்கா சும்மா கிடந்த கதையை உங்க அப்பாகிட்ட கேளுங்க, சொல்லுவாரு.

கரையோரம் மீன் வித்துக்கிட்டிருந்த அக்காகிட்ட ரெண்டு கிலோ கெண்டை வாங்கினோம். அதுக்கும் நண்பன் ஸ்கேன் பண்ணப் போனான். "காசாக் குடு தம்பி, இந்த டப்பால்லாம் என்கிட்ட இல்ல"ன்னு அக்கா சொன்னதும் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் பர்ஸ்ல இருந்தது எழுபது ரூபாய்.

களம்

மாமா வீட்ல மாமி எங்களைப் பார்த்த பார்வையில, வீட்ல மூணு பாய் இருக்குறப்ப எதுக்கு இந்தப் பசங்க களத்துல துணிக்கூடாரம் போடுறாங்கன்னு கேள்வி இருந்துச்சு. நியாயமான கேள்விதான். டென்ட் சொந்தமா வாங்கல, சென்னையில ரெண்டு டென்ட் 900 ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்துட்டு வந்தோம். மூணு வருஷம் முன்னாடி நான் 2,800 குடுத்து ஒண்ணு வாங்கி, ரெண்டே ராத்திரி தூங்கினேன். இப்ப அதுல எங்க அம்மா மழைக்காலத்துல விறகை மூடி வச்சிருக்காங்க.

சம்பா அறுவடை நேரம். களத்துல வைக்கோல்போர் இருந்ததால "நெருப்பு மட்டும் மூட்டாதீங்க மாப்ள"ன்னு மாமா கறாரா சொல்லிட்டாரு. கேம்ப் ஃபயர் கனவு அதோட முடிஞ்சுது. மீனை மாமியே வறுத்துக் குடுத்தாங்க. மோட்டார் கொட்டகை வாசல்ல உட்கார்ந்து சாப்பிட்டோம். எல்லாம் பனியில நனைஞ்சு போச்சு, கொசுவைப் பத்திக் கேட்கவே வேணாம்.

சாப்பிட்டுக்கிட்டே தம்பி மாமாகிட்ட விவசாயக் கடனைப் பத்திக் கேட்டான். சொசைட்டியில பயிர்க்கடன், தவணைக்குள்ள கட்டிட்டா வட்டியே இல்லன்னாரு. அவசரத்துக்கு வெளிய வாங்கினா?

"ரெண்டு வட்டி, மூணு வட்டி. மூணு வட்டிக்கு ஒருத்தன் வாங்குறான்னு தெரிஞ்சா, அவன் நிலம் சீக்கிரம் விலைக்கு வரும்னு ஊர்ல பேசிக்குவாங்க மாப்ள."

உங்கள்ல சிலருக்கு இந்தக் கணக்கு தெரியாம இருக்கலாம். ஊர்ல மூணு வட்டின்னா நூத்துக்கு மாசம் மூணு ரூபாய். நான் வீடியோவுல ஏபிஆர், வருஷத்துக்கு 42%னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். கிரெடிட் கார்டு வட்டி மாசம் மூணரை சதவீதம்னா, ஊர் பாஷையில அது மூணரை வட்டி. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி சேர்த்தா நாலு வட்டிக்கு மேல. இதை அன்னைக்கு மாமாகிட்ட விளையாட்டா சொன்னேன். "பேங்க்காரனா இப்படி வாங்குறான்?"னு அவரு நம்பவே இல்ல. நண்பன் தட்டுல பாதி மீனை வச்சுட்டு எழுந்துட்டான்.

பதினோரு மணி

தம்பி தூங்கிட்டான். நான் டென்ட் வாசல்ல உட்கார்ந்து அன்னைக்கு எடுத்த கிளிப்பை எல்லாம் பார்த்துக்கிட்டு இருந்தேன். நண்பன் வந்து உட்கார்ந்தான்.

"மச்சி, அந்த நாலு வட்டி. எனக்கு 1,10,000 இருக்குடா."

எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ் பசங்களோட கோவா போனது 38,000. அதை அப்புறம் கட்டிக்கலாம்னு மினிமம் டியூ மட்டும் கட்டியிருக்கான். நடுவுல ஒரு போன். அக்கா பொண்ணு காதுகுத்துக்கு தாய்மாமன் சீர். "சீர்ல குறை வச்சா அக்கா முகத்தைப் பார்க்க முடியாதுடா." சம்பளம் கையில வர்றது 32,000. பிஜி வாடகை, வீட்டுக்கு அனுப்புறது போக, மாசம் அஞ்சாயிரத்து சொச்சம் மினிமம் டியூவுக்கே போகுது. கையில காசு தங்காததால டீக்கும் டிபனுக்கும் கார்டு. பாயிண்ட்ஸ்ங்கிறதெல்லாம் சும்மா.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"உன் சேனலுக்கு முதல் சப்ஸ்கிரைபரே நான்தான்டா. எப்படிச் சொல்றது?"

எனக்குப் பதில் வரல. கடன் வாங்குனவங்களைக் கிண்டல் பண்ணி நான் போட்ட ஷார்ட்ஸ் ரெண்டு மூணு ஞாபகம் வந்துச்சு. அதுல ஒண்ணு கோவா ட்ரிப்பைப் பத்தியே. ஊருக்கு வந்ததும் அதை எடுத்துட்டேன்.

கணக்கு

அந்த ராத்திரியே போன்ல கணக்குப் போட்டுப் பார்த்தோம். உங்க கார்டுக்கு எண்கள் மாறும், ஆனா போற திசை மாறாது.

பாக்கி 1,10,000. மாச வட்டி மூணரை சதவீதம், ஜிஎஸ்டி சேர்த்து 4.13. மினிமம் டியூ 5%. புதுசா ஒரு ரூபாய் கூட தேய்க்கலன்னே வச்சுக்குவோம். முதல் மாசம் கட்டுறது சுமார் 5,730. அதுல 4,540 வட்டிக்கும் ஜிஎஸ்டிக்குமே போயிடும். இப்படியே 24 மாசம் கட்டினா மொத்தம் சுமார் 1,22,000 கட்டியிருப்பான். அப்பவும் பாக்கி சுமார் 85,000 இருக்கும்.

அதே 1,10,000-ஐ பேங்க்ல 15% பர்சனல் லோனா மாத்தினா, 24 மாசத்துக்கு ஈஎம்ஐ 5,333. ரெண்டு வருஷத்துல கடன் தீர்ந்துடும், வட்டி மொத்தமே சுமார் 18,000. ப்ராசஸிங் ஃபீ தனி.

ரெண்டுலயும் மாசம் கையை விட்டுப் போறது கிட்டத்தட்ட ஒரே தொகை. அவன் ரொம்ப நேரம் அந்த 85,000-ஐயே பார்த்துக்கிட்டு இருந்தான்.

மினிமம் டியூ ஒழுங்கா கட்டிட்டு வந்ததால அவன் சிபில்ல டிஃபால்ட் எதுவும் இல்ல. கார்டு லிமிட்டை நிறைய உபயோகிச்சதால ஸ்கோர் கொஞ்சம் இறங்கியிருந்துச்சு. சம்பள அக்கவுண்ட் இருக்குற பேங்க்லயே விண்ணப்பிச்சான். முதல்ல ஆப்ல நிராகரிச்சுட்டாங்க. கிளைக்கு நேர்ல போய், சம்பள ஸ்லிப்பைக் காட்டி, ரெண்டாவது தடவைதான் கிடைச்சுது, அதே 15%-க்கு. அதுவும் கிடைக்கலன்னா அம்மாகிட்ட சொல்லி நகைக்கடன், இல்லன்னா கார்டு பேங்க்கிலயே பாக்கியை ஈஎம்ஐ-யா மாத்தச் சொல்லிக் கேட்குறதுன்னு வரிசை வச்சிருந்தோம். லோன் ஆப் பக்கம் மட்டும் போகாதன்னு சொல்லிட்டேன். உங்களுக்கு வேற வழியே இல்லாம ஆப்லதான் வாங்கணும்னா, அது எந்த பேங்க் அல்லது என்பிஎஃப்சி குடுக்குற கடன்னு பாருங்க, ரிசர்வ் பேங்க் வெப்சைட்ல இருக்குற டிஜிட்டல் லோன் ஆப் பட்டியல்ல தேடுங்க, கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்ல வருஷ வட்டியைப் படிங்க. படிச்சுட்டு அதைப் பன்னெண்டால வகுத்து, எத்தனை வட்டின்னு உங்க வீட்ல இருக்குற பெரியவங்ககிட்ட சொல்லிப் பாருங்க. அவங்க முகம் போற போக்குலயே தெரிஞ்சுடும்.

லோன் வந்த அன்னைக்கே கார்டு பாக்கியை முழுசா கட்டி, யுபிஐ-ல இருந்து கார்டை எடுத்துட்டான். இதைச் செய்யலன்னா எல்லாமே வீண். கார்டு காலியானதும் மறுபடி தேய்க்க ஆரம்பிச்சு, லோனும் கார்டும் ரெண்டுமா நிக்குறவங்களை எனக்குத் தெரியும்.

ட்ரிப் செலவு

பெட்ரோல், டோல் 2,610. சாப்பாடு, டீ 1,740. மீன், மாமா வீட்டுக்கு வாங்கின பழம், இனிப்பு 1,150. டென்ட் 900. கொசு மருந்து, டார்ச் செல், தண்ணி கேன் 380. பார்க்கிங், அர்ச்சனை 120. மொத்தம் 6,900, ஆளுக்கு 2,300. ஞாயித்துக்கிழமை காலையில கங்கைகொண்ட சோழபுரம் போனோம், பக்கம்தான், நுழைவுக் கட்டணம் கிடையாது. நண்பன் கார்டுல ஸ்கேன் பண்ண டிபன், டீ காசையும் பொது அக்கவுண்ட்ல இருந்து அவனுக்கே திருப்பி அனுப்பிட்டேன். வேணாம்னான். கார்டுல கட்டுடான்னு சொன்னேன்.

8,000-ல 1,100 மிச்சம். அடுத்து கழுவேலி போறோம், பகல்ல மட்டும், பறவை பார்த்துட்டு மரக்காணம் உப்பளம் பக்கமா ஒரு சுத்து. டென்ட் இல்ல. இப்பவும் மாசா மாசம் காசு போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். நானும் தம்பியும் 500. அவனை ரெண்டு வருஷத்துக்குப் போட வேணாம்னு சொன்னேன், கேட்கல. இந்த மாசம் சம்பளம் வந்த மறுநாள் காலையில மெசேஜ் வந்துச்சு: "200 போட்டுருக்கேன், பாரு."